பாக்டீரியா செய்யற ஐசோபியூட்டனால்: ஜேம்ஸ் லியாவோவோட வேலை பத்தி ஒரு இழை

பாசிப்பச்சை

ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) இழையில யாரோ ஒருத்தர் "ஏன்யா எத்தனாலை விட்டா பெட்ரோல்ல கலக்க வேற ஆல்கஹாலே கிடையாதா"ன்னு கேட்டிருந்தார். அங்க நடக்கிற சண்டையில என் பதில் அமுங்கிப் போயிடும்னு தனி இழையா போடறேன். நான் மெட்டபாலிக் இன்ஜினியரிங்ல (செல்லுக்குள்ள நடக்கிற வேதி வேலையை ஜீன் மாத்தி நமக்கு வேண்டிய பக்கம் திருப்பறது) பிஎச்டி பண்றேன். இது என் ப்ராஜெக்ட் இல்ல, ஆனா எங்க லேப்ல புதுசா யார் சேர்ந்தாலும் முதல்ல கையில குடுக்கிறது லியாவோவோட இந்தப் பேப்பர்தான்.

வேற ஆல்கஹால் இருக்கு, ஐசோபியூட்டனால். எத்தனாலுக்கு ரெண்டு கார்பன், இதுக்கு நாலு, அதுவும் கிளை பிரிஞ்ச நாலு. ஒரு லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் எனர்ஜி, எத்தனால்ல 21, இதுல 26, 27 வரும். எத்தனால் தண்ணியோட எவ்வளவு வேணாலும் கலந்துக்கும், இது 100 மில்லி தண்ணியில எட்டு ஒம்போது கிராமுக்கு மேல கரையாது, அதனால டேங்க்ல தண்ணி சேர்ந்து பிரியற தொல்லை ரொம்ப கம்மி. ஆக்டேனும் நல்லாவே இருக்கு.

அப்ப ஏன் எல்லாரும் எத்தனாலையே புடிச்சுட்டு தொங்கறாங்கன்னா, எத்தனாலை ஈஸ்ட் பல ஆயிரம் வருஷமா தானாவே செஞ்சுட்டிருக்கு, நம்ம வேலை சர்க்கரையைக் குடுத்துட்டு ஒதுங்கிக்கிறது மட்டும்தான். ஐசோபியூட்டனாலை அந்த அளவுக்கு செய்யற உயிரி இயற்கையில இல்ல. சாதா பியூட்டனாலுக்கு கிளாஸ்ட்ரிடியம்னு ஒரு பாக்டீரியா உண்டு, முதல் உலகப் போர் சமயத்துல மான்செஸ்டர்ல செய்ம் வைஸ்மன் அதை வச்சுதான் வெடிமருந்துக்கு அசிட்டோன் எடுத்தார் (பின்னால இஸ்ரேலோட முதல் ஜனாதிபதி ஆனாரே அவரேதான்). ஆனா அது ஆக்சிஜன் பட்டா ஒத்துக்காது, மெதுவா வளரும், பியூட்டனாலோட அசிட்டோன் எத்தனால் எல்லாத்தையும் சேர்த்து தள்ளும், ஜீனை மாத்தறதும் அதுல படு கஷ்டம்.

இங்கதான் லியாவோ வர்றார். தைவான்காரர், கோடாக் கம்பெனில வேலை பாத்துட்டு அப்புறம் டெக்சாஸ் ஏ அண்ட் எம், 1997ல இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ்ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி. 2008 ஜனவரியில நேச்சர்ல ஒரு பேப்பர் வந்துச்சு, அட்சுமி, ஹனாய், லியாவோ மூணு பேர். அவங்க கிளாஸ்ட்ரிடியத்தை தொடவே இல்ல. சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவை எடுத்தாங்க. எந்த உயிரா இருந்தாலும் புரோட்டீன் செய்ய வேலின்ங்கிற அமினோ அமிலம் வேணும், ஈ.கோலை அதைத் தானே செஞ்சுக்கும். வேலின் ஆகறதுக்கு ஒரு படி முன்னாடி கீட்டோ ஐசோவேலரேட்னு ஒரு பொருள் வரும். அதுல இருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடை உருவினா ஐசோபியூட்டிரால்டிஹைடு, அதுக்கு ஹைட்ரஜன் ஏத்தினா ஐசோபியூட்டனால். ரெண்டே படி! முதல் படிக்கான என்சைமை பால் புளிக்க வைக்கிற லாக்டோகாக்கஸ்ல இருந்தும், ரெண்டாவதை ஈஸ்ட்ல இருந்தும் கொண்டாந்து உள்ள வச்சாங்க.

அதோட விடல. ஓடற வாய்க்கால்ல ஒரு மடையைத் திறந்தா மட்டும் போதாது, மத்த மடையை எல்லாம் அடைச்சாதான் தண்ணி நம்ம வயலுக்கு வரும் இல்லையா, அதே மாதிரி லாக்டிக், அசிட்டிக், சக்சினிக், ஃபார்மிக், எத்தனால்னு கார்பன் ஓடிப்போற வழிக்கான ஜீனை ஒவ்வொண்ணா வெட்டி எடுத்தாங்க, மேல பேசில்லஸ்ங்கிற பாக்டீரியால இருந்து இன்னொரு என்சைமைப் போட்டு, சர்க்கரை உடையறப்ப வர்ற பைருவேட்டை இந்தப் பக்கம் இழுத்தாங்க. லிட்டருக்கு 22 கிராம், கணக்குப்படி கிடைக்கக்கூடிய அதிகபட்சத்துல 86 சதவீதம். முதல் பேப்பர்லயே 86! எங்க ஃபீல்டுல முதல் பேப்பர் பெரும்பாலும் மில்லிகிராம்லதான் பேசும்.

புல்லட்_ராசா

எல்லாம் சரி ப்ரோ, என் வண்டிக்கு எப்ப வரும்? ஈ20 போட்டதுல இருந்து மைலேஜ் அடி வாங்குது, கார்புரேட்டர் ரப்பர் எல்லாம் கஞ்சி மாதிரி ஆயிடுச்சு, பங்க்ல கேட்டா மேல கேளுங்கறான், மேலன்னா எங்கன்னு தெரியல

வேம்பு

ராசா, மைலேஜுக்கு நானே ஒரு கணக்கு போட்டு தரேன், ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறவ, பழக்கதோஷம். பாசிப்பச்சை சொன்ன நம்பரையே வச்சுக்கலாம். 80 பங்கு பெட்ரோல் 20 பங்கு எத்தனால் கலந்தா லிட்டருக்கு கிட்டத்தட்ட 29.8 மெகாஜூல், அதாவது சுத்த பெட்ரோலை விட 7 சதவீதத்துக்கு கொஞ்சம் கம்மியா இழப்பு. அதே 20 பங்கு ஐசோபியூட்டனால்னா 30.9, இழப்பு மூணரை சதவீதம் கிட்ட. பாதியா குறையுது. இஞ்சின் ட்யூனிங்கால மாறுறது தனி. இன்னொண்ணு, எத்தனால்ல எடையில 35 சதவீதம் கிட்ட ஆக்சிஜன், இதுல 22 கூட இல்ல. அதனால அதே ஆக்சிஜன் அளவுக்கு இதை அதிகமா கலக்கலாம். ஈ10க்கு சமமா ஐசோபியூட்டனால் 16 சதவீதம் வரைக்கும் போகும்.

ஆலைக்காரன்

வணக்கமுங்க. நான் சர்க்கரை ஆலையை ஒட்டி இருக்கிற டிஸ்டிலரில ஃபெர்மென்டேஷன் செக்‌ஷன் பாக்கறேன். இழை நல்லா இருக்குதுங்க, ஆனா பாசிப்பச்சை தம்பியோ தங்கச்சியோ தெரியல, நீங்க சொன்ன 22 கிராமை நினைச்சு எனக்கு சிரிப்பு வந்துருச்சு, கோவிச்சுக்காதீங்க. லிட்டருக்கு 22 கிராம்னா ரெண்டே கால் சதவீதம். எங்க மொலாசஸ் வாஷ்ல (புளிச்சு முடிஞ்ச கரைசல்) 8ல இருந்து 10 சதவீதம் ஆல்கஹால் நிக்கும். 8க்கு கீழ போச்சுன்னா மேனேஜர் வந்து என்ன ஏதுன்னு கேட்டு உசுரை எடுத்துருவாரு. ஏன்னா கம்மியா இருக்க இருக்க அத்தனை தண்ணியையும் சுட வைக்க ஸ்டீம் வேணும், ஸ்பென்ட் வாஷும் (காய்ச்சினது போக மிஞ்சற கழிவுநீர்) அத்தனை கூடும், அதைக் கொண்டுபோய் எங்க கொட்டறது? அந்த 22 கிராம் வர்றதுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு போட்டிருக்காங்களா?

பாசிப்பச்சை

தங்கச்சிதான் அண்ணா 🙂 112 மணி நேரம்.

ஆலைக்காரன்

அஞ்சு நாளா!! எங்களுக்கு 30 மணி நேரத்துல டேங்க் காலியாகி அடுத்த பேட்ச் ஏறிடும் தங்கச்சி.

பாசிப்பச்சை

நியாயமான கேள்விதான் அண்ணா, இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். டைட்டர் (லிட்டருக்கு எத்தனை கிராம்ங்கிற அளவு) ஏன் ஏறலன்னா விஷம். பியூட்டனால் வகையறா பாக்டீரியாவோட வெளிச்சவ்வுல போய் உக்காந்து அதை இளக்கிடும், லிட்டருக்கு பத்து கிராம் தாண்டறதுக்குள்ளயே ஈ.கோலை வளர்றதை நிறுத்திடும். ஆச்சரியம் என்னன்னா வளர்ச்சி நின்ன பிறகும் அந்த செல்கள் ஐசோபியூட்டனாலை செஞ்சுட்டே இருந்துச்சு, அதனாலதான் 22 வரைக்கும் போச்சு.

அப்புறம் லியாவோ லேப்லயே 2011ல டேங்க்குக்குள்ள காத்தை ஊதி ஐசோபியூட்டனாலை அப்பப்ப வெளிய இழுத்துட்டே ஓட்டினாங்க, 72 மணி நேரத்துல லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல வந்துச்சு. டேங்க் உள்ள எப்பவுமே அது கம்மியாத்தான் இருக்கும், சேர்த்துக் கூட்டினா 50.

ஸ்டீம் விஷயத்துல உங்களுக்கு ஒரு நல்ல சேதி. எத்தனாலை 95க்கு மேல கொண்டுபோக மாலிகுலர் சீவ் (மிச்ச தண்ணியை உறிஞ்சற சல்லடை) போடறீங்க இல்லையா, இதுக்கு அது தேவைப்படாது. ஐசோபியூட்டனாலும் தண்ணியும் சேர்ந்து 90 டிகிரி கிட்ட ஆவியாகும், குளிர வச்சா ரெண்டு அடுக்கா தானே பிரிஞ்சு நிக்கும், மேல் அடுக்கு எடுத்துக்கலாம்.

ஆலைக்காரன்

ஓ, டிகேன்டர்லயே (அடுக்கு பிரிக்கிற தொட்டி) பிரிஞ்சுருமா. அட, இது நமக்கு தெரிஞ்ச கதையாச்சே! எங்க டிஸ்டிலேஷன் காலம்ல (காய்ச்சி வடிக்கிற கோபுரம்) ஃப்யூசல் ஆயில் இப்படித்தான் எடுக்கறோம், நடு ட்ரேல இருந்து இழுத்து தண்ணி விட்டு கழுவினா எண்ணெய் மாதிரி மேல மிதக்கும். அதுலயும் ஐசோபியூட்டனால் இருக்குதுன்னு லேப்ல சொல்லுவாங்க, ஐசோஅமைல் ஆல்கஹால்தான் நிறைய, இது கொஞ்சம். நாத்தம் தாங்காது, ரெண்டு நாள் சட்டையில நிக்கும். ஆக எங்க ஈஸ்ட்டும் இதைச் செய்யுதுன்னுதானே அர்த்தம்?

பாசிப்பச்சை

அண்ணா நீங்க சொன்னதுதான் இந்தக் கதையோட வேரே. ஈஸ்ட் செய்யுது, ஆனா வேற வழியா. மொலாசஸ்ல இருக்கிற அமினோ அமிலத்தை ஈஸ்ட் எடுத்து நைட்ரஜனை மட்டும் உருவிக்கும், மிச்சம் நிக்கிற கீட்டோ அமிலம் அதுக்கு குப்பை, கார்பன் டை ஆக்சைடை தட்டி ஆல்கஹாலா மாத்தி வெளிய தள்ளிடும். ஃபெலிக்ஸ் எர்லிக்னு ஜெர்மன்காரர் 1907லயே கண்டுபிடிச்சு எழுதிட்டார், எர்லிக் பாத்வேன்னே பேர். வேலின்ல இருந்து ஐசோபியூட்டனால், லூசின்ல இருந்து ஐசோஅமைல்.

ஆனா அதுக்கு அமினோ அமிலம் இருக்கணும், அதனாலதான் உங்களுக்கு கொஞ்சூண்டு மட்டும் வருது. லியாவோ செஞ்சது என்னன்னா அமினோ அமிலம் வரைக்கும் போகவே விடல, அதுக்கு முந்தின படியிலயே வழியை மறிச்சுட்டார். சர்க்கரை, பைருவேட், கீட்டோ அமிலம், ஆல்கஹால், நேர் வழி. நூறு வருஷமா எல்லா டிஸ்டிலரியும் கழிவா ஒதுக்கி வச்சதை மெயின் சரக்கா மாத்தினது, எனக்கு அந்தப் பேப்பர்ல புடிச்சதே இதுதான். லூசின் பக்கம், ஐசோலூசின் பக்கம்னு அதே முறையில வேற ஆல்கஹாலையும் செஞ்சு காமிச்சாங்க.

நாலணா

சயின்ஸ் பிரமாதம், ஒத்துக்கறேன். இப்ப நான் காசு பக்கம் பேசறேன், நான் அமெரிக்க ஷேர் கொஞ்சம் பாக்கறவன்.

இந்த டெக்னாலஜியை லைசென்ஸ் எடுத்த கம்பெனி கீவோ. கால்டெக் யுனிவர்சிட்டி புரொஃபசர் ஃபிரான்சஸ் ஆர்னால்டும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து 2005ல ஆரம்பிச்சது, ஆஃபீஸ் கொலராடோல. 2011 பிப்ரவரில ஒரு ஷேர் 15 டாலருக்கு ஐபிஓ (முதல் தடவையா பொதுமக்களுக்கு ஷேர் விக்கறது). மினசோட்டால லுவெர்ன்னு ஒரு ஊர்ல ஓடிட்டிருந்த சோள எத்தனால் ஆலையை வாங்கி ஐசோபியூட்டனாலுக்கு மாத்தினாங்க, வருஷத்துக்கு 1.8 கோடி கேலன் திட்டம், அதாவது 6.8 கோடி லிட்டர். 2012 மே மாசம் ஸ்டார்ட். செப்டம்பர்ல நிறுத்தியாச்சு. தொத்து, அதாவது வேற கிருமி உள்ள பூந்துடுச்சு. திரும்ப எத்தனால் ஓட்டினாங்க, 2013ல மறுபடி இதை ஆரம்பிச்சாங்க, அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டினாங்க.

இதுக்கு நடுவுல பிபியும் டூபாண்டும் சேர்ந்து நடத்தின பியூட்டமேக்ஸ், 2011 ஜனவரில பேட்டன்ட் கேஸ் போட்டுச்சு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கேஸ், 2015ல சமாதானம். விக்கிற சரக்கே இல்லாத நேரத்துல ரெண்டு கம்பெனியும் வக்கீலுக்கு கொட்டினாங்க. ஷேர் என்னாச்சுன்னா ரிவர்ஸ் ஸ்ப்ளிட் (பல ஷேரைச் சேர்த்து ஒண்ணாக்கறது) 2015ல 15க்கு 1, 2017ல 20க்கு 1, 2018ல 20க்கு 1. பெருக்கிக்கோங்க, பழைய ஷேர் 6000 சேர்ந்து ஒண்ணு. ஐபிஓல வாங்கினவனை நினைச்சுப் பாருங்க.

இது மட்டும் இல்ல, அந்த செட்டே அப்படித்தான். பாசியில எண்ணெய் எடுக்கிறேன்னு வந்த சோலாசைம், பேரை டெர்ராவியான்னு மாத்தி 2017ல திவால். ஜே கீஸ்லிங் லேப்ல இருந்து வந்த அமைரிஸ், ஈஸ்ட்ல இருந்து டீசல்னு ஆரம்பிச்சு கடைசியில முகத்துக்கு பூசற க்ரீம் சரக்கு வித்து, 2023 ஆகஸ்ட்ல அதுவும் திவால் கோர்ட்டுக்கு. ஆக நேச்சர்ல பேப்பர் வந்தா நம்ம வண்டிக்கு எரிபொருள் வந்துடும்னு யாரும் கனவு காணாதீங்க.

புல்லட்_ராசா

முகத்துக்கு க்ரீமா 😂😂 வண்டிக்கு ஊத்த வந்தது மூஞ்சிக்கு போச்சா

பாசிப்பச்சை

> ஜே கீஸ்லிங் லேப்ல இருந்து வந்த அமைரிஸ்

ஒரு சின்ன சேர்க்கை, அமைரிஸ் டீசலோட ஆரம்பிக்கல. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினினோட மூலப்பொருளை ஈஸ்ட்ல செய்யறதுதான் முதல் வேலை, 2006ல நேச்சர்ல வந்துச்சு, 2013ல லிட்டருக்கு 25 கிராம் வரைக்கும் கொண்டு போனாங்க. எரிபொருள் அப்புறம் வந்தது. ஏன் வந்ததுன்னா அந்தக் காலம் அப்படி. 2007 டிசம்பர்ல அமெரிக்கா சட்டம் போட்டுச்சு, 2022க்குள்ள வருஷத்துக்கு 3600 கோடி கேலன் உயிரி எரிபொருள்னு. 2008 ஜூலைல கச்சா எண்ணெய் பேரல் 147 டாலர். யார் வந்து கேட்டாலும் காசு குடுத்தாங்க. 2016 ஆரம்பத்துல அதே எண்ணெய் 30க்கு கீழ. எந்த பாக்டீரியாவும் 30 டாலர் எண்ணெயோட போட்டி போட முடியாது நாலணா, அது பாக்டீரியா தப்பு இல்ல.

நாலணா

பாக்டீரியா மேல நான் எங்க தப்பு சொன்னேன். எண்ணெய் விலை ஏறி இறங்கும்னு தெரியாதா இவங்களுக்கு? ஒரு பிளான்ட் போட மூணு வருஷம், விலை விழ மூணு மாசம்.

ஆலைக்காரன்

அந்த தொத்து விஷயத்துல நான் ஒண்ணு சொல்லணுமுங்க. வெளிய இருக்கிறவங்களுக்கு அது சின்ன விஷயமா தெரியும். லேப்ல எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு கொன்னுட்டு ஆரம்பிப்பாங்க. நாங்க லட்சக்கணக்கான லிட்டரை எப்படி ஆட்டோகிளேவ் பண்றது? மொலாசஸ்ல கிருமி இருக்கு, தண்ணியில இருக்கு, பைப் முட்டுல இருக்கு. எங்களுக்கு லாக்டோபேசில்லஸ்தான் எமன். ஈஸ்ட் சாப்பிடற சர்க்கரையை அது சாப்பிட்டு புளிக்க வச்சிரும். நாங்க எப்படி தப்பிக்கறோம்னா அமிலம் போட்டு பிஎச்சை நாலரைக்கு கொண்டாந்து வச்சிருவோம், ஈஸ்ட்டை நிறைய தள்ளுவோம், ஆல்கஹால் ஏற ஏற மத்தது தானா சாகும். ஈஸ்ட் முரடுங்க, அதனாலதான் இத்தனை அழுக்குலயும் ஜெயிக்குது.

இப்ப கேக்கறேன், ஈ.கோலைக்கு பிஎச் ஏழு கிட்ட வேணுமே, அதுல லாக்டோ, அது இதுன்னு ஊர்ல இருக்கிற அத்தனையும் வந்து குடியேறிடுமே? சாதா எத்தனால் ஆலையை வாங்கி அதுல இதை எப்படி ஓட்டினாங்க?

பாசிப்பச்சை

அவங்க ஆலையில ஈ.கோலை ஓட்டலை அண்ணா, நீங்க சொன்ன அதே காரணத்துக்காக ஈஸ்ட்டுக்கு மாத்திட்டாங்க. ஈ.கோலைக்கு இன்னொரு தலைவலி பாக்டீரியாவையே தாக்கற ஃபேஜ் வைரஸ், ஒரு தடவை ஆலைக்குள்ள வந்துச்சுன்னா ராத்திரியோட ராத்திரியா டேங்க்கே கரைஞ்சு போயிடும்.

ஆனா ஈஸ்ட்டுக்கு மாத்தறது லேசு இல்ல. ஈஸ்ட்ல வேலின் செய்யற வேலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள நடக்குது, கடைசி ரெண்டு படி வெளிய சைட்டோபிளாசத்துல. சரக்கு ஒரு ரூம்ல, ஆளு இன்னொரு ரூம்ல. அதைச் சேர்த்து வைக்கணும். அதோட ஈஸ்ட் எத்தனால் செய்யறதை நிறுத்தணும், அதுக்கான என்சைம் பைருவேட் டிகார்பாக்சிலேஸை வெட்டினா ஈஸ்ட் நொண்டி ஆயிடும். முரட்டு ஈஸ்ட்டுன்னு நம்பி எடுக்கறோம், இந்த ஜீன் எல்லாம் வெட்டின பிறகு அது அந்த முரடாவே இருக்கிறதில்ல. என் கணிப்பு, லுவெர்ன்ல அடிபட்டதுக்கு இதுக்கும் பங்கு இருக்கும். அதிகமா எத்தனாலும் இல்ல, கொல்றதுக்கு. அது இல்லாத டேங்க்ல மத்த கிருமிக்கு கொண்டாட்டம்.

இன்னொரு நுணுக்கம் இருக்கு, புடிச்சவங்க படிங்க, புடிக்கலன்னா தாண்டிப் போங்க. சர்க்கரையை உடைக்கும்போது செல்லுக்கு ரெண்டு என்ஏடிஹெச் (எலக்ட்ரான் சுமக்கிற மூலக்கூறு) கிடைக்கும். ஐசோபியூட்டனால் செய்யற வழில ரெண்டு என்சைம் ஆளுக்கு ஒரு என்ஏடிபிஹெச் கேக்கும். எண்ணிக்கை சரி, ரகம் தப்பு. ஆக்சிஜன் கொஞ்சம் இருந்தா செல் எப்படியோ சமாளிச்சு மாத்திக்கும், சுத்தமா காத்தே இல்லன்னா முடங்கிடும். ஆனா பெரிய டேங்க்ல காத்து ஊதறதுன்னா கரண்ட் பில், ப்ளஸ் சர்க்கரையில ஒரு பங்கு மூச்சா போயிடும். ஆர்னால்ட் க்ரூப் அந்த ரெண்டு என்சைமையும் மாத்தி மாத்தி, வடிகட்டி வடிகட்டி, என்ஏடிஹெச்சையே எடுத்துக்கிற மாதிரி பழக்கினாங்க, 2011ல காத்தே இல்லாம கிட்டத்தட்ட 100 சதவீத யீல்டு காமிச்சாங்க. அந்த முறைக்குத்தான், டைரக்டட் எவல்யூஷனுக்கு, 2018ல ஆர்னால்டுக்கு நோபல்.

சும்மா_வந்தேன்

ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருக்கிறவன், ஒரு சந்தேகம். 86 சதவீதம்னா ஒரு கிலோ சர்க்கரைக்கு 860 கிராம் ஐசோபியூட்டனாலா?

வேம்பு

இல்லப்பா, அதிகபட்சமே கிலோவுக்கு 410 கிராம்தான். மிச்ச எடை ரெண்டு கார்பன் டை ஆக்சைடா காத்துல போகும், ஒரு தண்ணி மூலக்கூறும் வரும். அதுல 86 சதவீதம்னா 350 கிராம். எத்தனாலுக்கு அதிகபட்சம் 510 கிராம். எடை கம்மியேன்னு தோணும், ஆனா எரிச்சுப் பாத்தா 510 கிராம் எத்தனால்லயும் 410 கிராம் ஐசோபியூட்டனால்லயும் ஏறக்குறைய ஒரே வெப்பம்தான் வரும், பதிமூணரை மெகாஜூல் சொச்சம்.

ஆலைக்காரன்

டீச்சர், இதை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க, இதுலதாங்க விஷயமே இருக்கு! அதே ஒரு டன் மொலாசஸ்ல இருந்து எனக்கு லிட்டர் கம்மியா வரும். எனர்ஜி அதே இருக்கலாம், ஆனா ஆயில் கம்பெனி எனக்கு மெகாஜூலுக்கா காசு குடுக்கறான்? லிட்டருக்குத்தானே குடுக்கறான். ஐசோபியூட்டனாலுக்கு லிட்டருக்கு கால் பங்காவது கூடுதலா குடுத்தாதான் எனக்கு வாசல்லயே கட்டும், மேல காத்து ஊதற செலவு, புது ஈஸ்ட் லைசென்ஸ் செலவு, அஞ்சு நாள் டேங்க் வாடகை எல்லாம் தனி. எத்தனாலுக்கு அரசாங்கம் விலை நிர்ணயம் பண்ணி வாங்கிக்குது. அதை விட்டுட்டு எந்த ஆலைக்காரன் இதுக்கு வருவான்.

நாலணா

ஆலைக்காரன் அண்ணனை நிதி அமைச்சரா போடுங்கய்யா.

கீவோவும் கடைசியில இதே கணக்குக்குத்தான் வந்துச்சு. கார் எரிபொருளை விட்டுட்டு பிளேன் எரிபொருள் பக்கம் போனாங்க. ஐசோபியூட்டனால்ல தண்ணியை எடுத்து, மிச்சத்தை ஒண்ணோடு ஒண்ணு கோத்து, ஹைட்ரஜன் ஏத்தினா ஜெட் எரிபொருள். 2016 ஏப்ரல்ல அதுக்கு ஏஎஸ்டிஎம்ங்கிற தர நிர்ணய அமைப்போட அங்கீகாரம், ஜூன்ல அலாஸ்கா ஏர்லைன்ஸ் சியாட்டில்ல இருந்து ரெண்டு விமானம் கலந்து ஓட்டினாங்க. அதுக்கப்புறம் 2021 வாக்குல பெரிய ஜெட் ஆலை திட்டம் போட்டப்ப எந்த ஆல்கஹாலை எடுத்தாங்க தெரியுமா? எத்தனால். ஐசோபியூட்டனால் கம்பெனியே எத்தனால்ல இருந்து ஜெட்டுன்னு மாறிடுச்சு. இதுக்கு மேல என்ன சொல்ல.

மன்னார்குடி_மைனர்

அப்ப இழையை பூட்டிரலாமா 😄

பாசிப்பச்சை

பூட்டாதீங்க, பாதிதான் வந்திருக்கு.

நாலணா சொல்றது கம்பெனியோட கதை. லியாவோவோட கதை வேற பக்கம் போச்சு, ஏன்னா சர்க்கரைதான் பிரச்சனைன்னு அவருக்கு சீக்கிரமே தெரிஞ்சிருக்கு, அவர் அடுத்தடுத்து எடுத்த வேலையைப் பாத்தாலே புரியும். 2009ல சினெகோகாக்கஸ்னு ஒரு நீலப்பச்சை பாசி, அதுல இதே பாத்வேயைப் போட்டு வெயிலும் கார்பன் டை ஆக்சைடும் மட்டும் குடுத்து ஐசோபியூட்டிரால்டிஹைடு எடுத்தாங்க. ஆல்கஹாலுக்கு ஒரு படி முன்னாடியே நிறுத்தினது வேணும்னேதான், அது 63 டிகிரிலயே கொதிக்கிற சரக்கு, டேங்க்ல இருந்து தானே ஆவியா கிளம்பிடும், பாசிக்கு விஷம் ஏறாது. கார்பன் டை ஆக்சைடைப் புடிக்கிற ருபிஸ்கோ என்சைமோட ஜீனை கூடுதலா ஒரு செட் வச்சதும் உற்பத்தி ஏறுச்சு.

2011ல வீணாப்போற புரோட்டீன்ல இருந்து ஆல்கஹால், நைட்ரஜனை அமோனியாவா திருப்பி எடுக்கிற மாதிரி. 2012ல சயின்ஸ்ல வந்தது இன்னும் வேடிக்கை, கரண்ட்ல இருந்து எரிபொருள். கரண்ட் விட்டு கார்பன் டை ஆக்சைடை ஃபார்மிக் அமிலமா மாத்தி, அதை ரால்ஸ்டோனியான்னு ஒரு பாக்டீரியா சாப்பிட்டு ஐசோபியூட்டனால் தள்ளுச்சு, ரெண்டுமே ஒரே தொட்டிக்குள்ள. நேர்மின்வாய்ல கிளம்பற சூப்பராக்சைடு மாதிரி விஷங்க பாக்டீரியாவை வளர விடல, அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி, அந்த மின்வாயைச் சுத்தி நுண்துளை உள்ள ஒரு பீங்கான் கப்பைக் கவுத்தது. நேச்சர், சயின்ஸ்னு பெரிசா பேசறோம், உள்ள போய்ப் பாத்தா ஒரு பீங்கான் கப். ஆல்கஹால் எல்லாம் சேர்த்து லிட்டருக்கு சுமார் 140 மில்லிகிராம்தான் வந்துச்சு, ஆலைக்காரன் அண்ணா சிரிக்காதீங்க.

அப்புறம் 2013, எனக்கு எல்லாத்தையும் விட புடிச்சது. ஸ்கூல்ல கிளைக்கோலிசிஸ்னு படிச்சிருப்பீங்க, குளுக்கோஸ் உடைஞ்சு ரெண்டு பைருவேட், அதுல இருந்து ரெண்டு அசிட்டைல் கோஏ (ரெண்டு-கார்பன் துண்டு), போற வழியில ரெண்டு கார்பன் வீண். ஆறுல ரெண்டு போச்சு, மூணுல ஒரு பங்கு நஷ்டம், எந்த ஃபெர்மென்டேஷனா இருந்தாலும் அந்த வழியா போனா இந்த வரியைக் கட்டித்தான் ஆகணும். போகோராட், லின், லியாவோ மூணு பேரும் ஃபாஸ்ஃபோகீட்டோலேஸ் என்சைமை நடுவுல வச்சு சர்க்கரை பாஸ்பேட்டுகளை சுத்தி சுத்தி அடுக்கி, ஒரு குளுக்கோஸ்ல இருந்து மூணு ரெண்டு-கார்பன் துண்டு வர வச்சாங்க. ஆறுக்கு ஆறு. கார்பன் டை ஆக்சைடே வெளியேறல. பேர் நான்-ஆக்சிடேடிவ் கிளைக்கோலிசிஸ்.

வேம்பு

இதை கேட்டதும் ஒரு பேப்பர் எடுத்து எழுதிப் பாத்தேன், கார்பன் கணக்கு வருது. ஆனா ஹைட்ரஜன் கணக்கு? கிளைக்கோலிசிஸ்ல என்ஏடிஹெச் வரும், இதுல ஆக்சிடேஷனே இல்லையே, அப்ப ஆல்கஹால் செய்ய எலக்ட்ரான் யார் குடுப்பா?

பாசிப்பச்சை

சரியா புடிச்சீங்க டீச்சர். அதுதான் அதோட குறை. இந்த வழில ஏடிபியும் (செல்லுக்கு எனர்ஜி குடுக்கிற மூலக்கூறு) கிடைக்காது, என்ஏடிஹெச்சும் கிடைக்காது. வெளியில இருந்து ஹைட்ரஜனோ ஃபார்மிக் அமிலமோ குடுக்கணும். அப்படிக் குடுக்கறதா இருந்தா கார்பன் மிச்சம். இல்லன்னா அசிட்டிக் அமிலம் மாதிரி எலக்ட்ரான் கேக்காத சரக்குக்கு மட்டும் நேரடியா உதவும். இதெல்லாம் ஓசில வர்ற லாபம் இல்லைதான்.

புல்லட்_ராசா

நாலு போஸ்ட் தாண்டி வந்தேன், ஒண்ணும் புரியல, ஆனா படிக்க நல்லாருக்கு. இந்தியால இதை யாராவது தொடறாங்களா இல்லையா அதை மட்டும் சொல்லுங்க

வேம்பு

புனேல பிராஜ் இண்டஸ்ட்ரீஸ் கீவோவோட சேர்ந்து மொலாசஸ் மாதிரி நம்மூர் சரக்குக்கு ஏத்தபடி இதை கொண்டுவர ஒப்பந்தம் போட்டாங்க. 2025 செப்டம்பர்ல மத்திய அமைச்சர் கட்கரி டீசல்ல ஐசோபியூட்டனால் கலக்கறது பத்தி ஆராய்ச்சி நடக்குதுன்னு பேசினார், டீசல்ல எத்தனால் கலக்கறது சரியா வரலைங்கிறதால இது. எத்தனால் டீசலோட ஒட்டவே ஒட்டாது, கொஞ்சம் ஈரம் பட்டா பிரிஞ்சுடும், இது நல்லா கலக்கும். ஆனா எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஐசோபியூட்டனால் 28 டிகிரிலயே தீப்பிடிக்கிற ஆவி விடும், நம்ம டீசலுக்கு குறைஞ்சது 35 இருக்கணும்னு விதி. பத்து சதவீதம் கலந்தாலும் லாரி டேங்க், பங்க் டேங்க் பாதுகாப்பு விதி எல்லாத்தையும் திரும்பிப் பாக்கணும். சீட்டேனும் (டீசல் எவ்வளவு சுலபமா பத்திக்கும்ங்கிற அளவு) குறையும். சித்திரை மாசம் கரூர் பைபாஸ்ல நிக்கிற டேங்கரை யோசிச்சுட்டு முடிவெடுக்கட்டும்.

ஆலைக்காரன்

டீசலுக்கு வாங்கறாங்கன்னா விலை என்னன்னு முதல்ல சொல்லச் சொல்லுங்க டீச்சர், மீதியை நாங்க பாத்துக்கறோம். பாசிப்பச்சை, லியாவோ இப்ப என்ன பண்றாராம்? இன்னும் இதே வேலைதானா?

பாசிப்பச்சை

2016ல தைவானுக்கே திரும்பிப் போனார் அண்ணா, அகாடெமியா சினிக்காவோட தலைவரா. நம்ம ஊர்ல சிஎஸ்ஐஆர் மாதிரி பெரிய ஆராய்ச்சி அமைப்பு அது. அங்க போயும் லேப்பை விடல. 2020ல செல் பத்திரிகைல வந்தது, ஈ.கோலையை வெறும் மெத்தனால் மட்டுமே சாப்பிட்டு வளர வச்சாங்க. சர்க்கரை ஒரு துளி கிடையாது. ஜீனை மாத்தினா மட்டும் வளரல, மெத்தனால் உள்ள போனதும் ஃபார்மால்டிஹைடு ஆகுது, அது டிஎன்ஏவையும் புரோட்டீனையும் ஒட்ட வச்சு செல்லைக் கொன்னுடுது. தலைமுறை தலைமுறையா வளர்த்து, தாங்கறதை மட்டும் தேர்ந்தெடுத்து தேர்ந்தெடுத்து கடைசியில வளர்ந்துச்சு. எட்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகுது.

ஆலைக்காரன்

எட்டரை மணி நேரமா! சாதா ஈ.கோலை இருபது நிமிஷம்னு சொல்லுவாங்களே. எங்க டேங்க்ல விட்டா அது ஒரு தடவை பிரியறதுக்குள்ள லாக்டோ குடும்பமே குடியேறி பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

சரி இருங்க. மெத்தனால்ல லாக்டோ வளருமா? வளராதே?

பாசிப்பச்சை

வளராது அண்ணா. மெத்தனாலை மட்டும் சாப்பிட்டு வாழற கிருமிங்க உலகத்துலயே கொஞ்சம்தான். மண்ணுல, இலை மேல இருக்கிற மெத்திலோட்ரோப் சிலது வரலாம், லாக்டோ வர வழியில்ல, அதுக்கு சர்க்கரை வேணும்.

ஆலைக்காரன்

அப்ப அது மெதுவா வளந்தாலும் போட்டிக்கு ஆள் கம்மி. இது வேற கணக்குங்க. மெத்தனால் டன் என்ன விலைக்கு வருது, எதுல இருந்து எடுக்கறாங்க?

நாலணா

இப்ப பெரும்பாலும் இயற்கை எரிவாயு, சீனால நிலக்கரி. அப்ப இதுவும் சுத்திச் சுத்தி பூமிக்கு அடியில தோண்டினதுதான், பேருதான் பசுமை.

பாசிப்பச்சை

அதையேதான் கார்பன் டை ஆக்சைடு + ஹைட்ரஜன்ல இருந்தும் செய்யலாம் நாலணா. ஐஸ்லாந்துல பூமிவெப்ப மின்நிலையத்துல இருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடை வச்சு கார்பன் ரீசைக்ளிங் இன்டர்நேஷனல்னு ஒரு கம்பெனி செஞ்சு காமிச்சிருக்கு. விலைன்னு கேட்டா இப்பவே சொல்லிடறேன், அதிகம்தான்.

நாலணா

கேக்கறதுக்குள்ளயே பதில் வந்துடுச்சு, பழகிட்டீங்க.

மன்னார்குடி_மைனர்

ஆலைக்காரன் அண்ணே, அந்த ஃப்யூசல் ஆயிலை யாருக்கு விக்கறீங்க, என்ன பண்றாங்க அதை வச்சு, தனி இழை போடுங்களேன். சட்டையில ரெண்டு நாள் நாறும்னு சொன்னதுல இருந்து எனக்கு அதே நெனப்பா இருக்கு.

ஆலைக்காரன்

பெயிண்ட் கம்பெனிக்கும் சென்ட் கம்பெனிக்கும் போகுதுங்க, வாழைப்பழ வாசனை எசன்ஸ் அதுல இருந்து வர்ற ஐசோஅமைல்ல செய்யறதுதான். ஷிஃப்ட் முடிஞ்சதும் சாயங்காலமா போடறேன்.